வெயில் ஏன் நம்ம ஊர் வெயிலாக விழவில்லை? ஏஐ படங்களில் வெளிச்சக் கோளாறு நீக்கும் வழிமுறை

நெல்லை ஆனித் தேரோட்டத்துக்கு ஒரு சுவரொட்டி, கருப்பட்டிப் பொட்டலத்துக்கு ஒரு லேபிள், கல்யாண ஆல்பத்துக்கு ஒரு முகப்பு. இவற்றை ஏஐ கருவியில் செய்யும்போது முதலில் காலை வாருவது வெளிச்சம்தான். ஆள் வந்துவிடும், தேர்கூட ஓரளவு வந்துவிடும். வெயில் மட்டும் ஏதோ குளிர் தேசத்துச் சாயங்காலம் போல விழுந்து கிடக்கும்.

காரணம் எளிது. படங்களையும் அவற்றோடு இருந்த விளக்க வரிகளையும் சேர்த்துப் பார்த்துப் பழகியது இந்தக் கருவி. ‘அழகான ஒளி’ என்று நீங்கள் எழுதினால், அப்படி எழுதப்பட்ட எல்லாப் படங்களின் சராசரியைத்தான் எடுத்து நீட்டும். ‘ஒளி இடப்பக்க வாசலிலிருந்து வருகிறது, நிழல் வலப்பக்கச் சுவரில் விழுகிறது’ என்று எழுதினால் அதற்குப் பிடி கிடைக்கிறது. ஆகவே எந்தக் கோளாறுக்கும் கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு: ஒளி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஒளி வரும் வாய் (ஜன்னல், வாசல் போன்ற திறப்பு) எவ்வளவு அகலம், எதில் பட்டுத் திரும்புகிறது. நான்குக்கும் சாட்சி நிழல். நிழலை எழுதாத பிராம்ப்ட் (கருவிக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் விவரிப்பு) பாதி பிராம்ப்ட்.

கீழே கோளாறு வாரியாகப் போகலாம். அதற்கு முன் ஒன்று. ஒரு தடவைக்கு ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். சீட் எண் (படத்தின் தற்செயலான தொடக்கத்தைக் குறிக்கும் எண்) தரும் கருவியென்றால் அதைப் பூட்டிவிட்டு மாற்றுங்கள். சீட் ஓடிக்கொண்டே இருந்தால், வெளிச்சம் திருந்தியது உங்கள் சொல்லாலா தற்செயலாலா என்று கடைசிவரை தெரியாது. சீட் கொடுக்காத, சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவிகளில் ஒரே பிராம்ப்டுக்கு நான்கு படம் எடுத்து, நான்கிலும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மத்தியானம் கேட்டால் சாயங்காலம் வருகிறது

வானம் ஆரஞ்சு, தரையில் நீளநீளமாக நிழல், வடம் பிடிப்பவர்களின் தோளில் பொன் விளிம்பு. கேட்டது உச்சிப் பொழுதின் தேர்.

பிராம்ப்டை மறுபடி வாசியுங்கள். ‘சினிமாட்டிக்’, ‘தெய்விக ஒளி’, ‘மனதை மயக்கும் வெளிச்சம்’, ‘மாஸ்டர்பீஸ்’ என்று ஏதாவது இருக்கும். இவற்றில் எதுவும் சூரியன் எங்கே நிற்கிறது என்று சொல்லவில்லை. எல்லாமே படத்தை அந்திப் பொன்னிறத்தின் பக்கம் இழுக்கும் சொற்கள். அடியோடு எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

‘காலை 9 மணி’ என்று மணியைப் போட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒன்பது மணி வெயில் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் வேறு. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 டிகிரியில் இருக்கிறது. சூரியன் இங்கே சாய்ந்து ஏறாது, செங்குத்தாக ஏறும். சித்திரை பிறக்கும் நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு நிழல் ஆளைப்போல ஐந்து மடங்கு. எட்டேகாலுக்குச் சூரியன் 30 டிகிரிக்கு ஏறிவிடும், நிழல் 1.7 மடங்கு. ஒன்பதேகாலுக்கு 45 டிகிரி, ஆள் உயரமும் நிழலும் சமம். பகல் 12:20 வாக்கில் சூரியன் நேர் உச்சி, நிழல் காலடிக்குள் போய்விடும். ஆகஸ்ட் கடைசியிலும் இதேபோல ஒரு முறை உச்சிக்கு வரும்.

ஆகவே மணியை விட்டுவிட்டு உயரத்தையும் நிழலையும் எழுதுங்கள்: ‘சூரியன் தலைக்கு நேர் மேலே, நிழல் காலடியில் சிறு திட்டாக, நிழல் விளிம்பு கூர்மை, வானம் வெளிறிய நீலம், தேர்ச் சக்கரங்களுக்கு அடியில் மட்டும் அடர்ந்த இருட்டு, கண்குழியிலும் தாடைக்கு அடியிலும் நிழல்.’ அந்தக் கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். கண்குழியில் நிழல் இல்லாத உச்சி வெயில் உலகத்தில் இல்லை.

ஆனித் தேருக்கென்றே ஒரு நுணுக்கம் உண்டு. ஆனியில் உச்சிப் பொழுதிலும் சூரியன் வடக்கே சாய்ந்து சுமார் 75 டிகிரியில்தான் நிற்கும். ஆள் உயரத்தில் கால் பங்கு நிழல் தெற்கே விழும். மார்கழியில் நேர் எதிர்: சூரியன் தெற்கே, சுமார் 58 டிகிரியில். நெல்லையப்பர் கோயில் ரத வீதி என்று தெரியும்படி கோபுரம் வைத்துப் படம் செய்தால், ஊர்க்காரர் கண் இந்தத் திசையைத் தானாகவே கணக்குப் போடும். ஏதோ இடிக்கிறது என்பார்கள். எது என்று சொல்லத் தெரியாது.

அந்தி வெளிச்சமே வேண்டும் என்றால், அது இங்கே சுருக்கம் என்பதை மனதில் வையுங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 6 டிகிரி ஏற அரை மணி நேரம்கூட ஆகாது, இறங்குவதும் அப்படியே. மேற்கே போகப் போக, பாபநாசம், களக்காடு பக்கம், மலை முந்திக்கொண்டு சூரியனை மறைத்துவிடும். தரையில் வெயில் இல்லை, வானம் மட்டும் வெளிச்சமாக இருக்கும். அதை இப்படிச் சொல்லலாம்: ‘சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது, தரையில் நேரடி வெயில் இல்லை, திறந்த வானத்தின் மென்மையான ஒளி, மலை விளிம்பில் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு.’ குற்றாலச் சாரலுக்கு இன்னும் எளிது: மூடிய வானம், நிழலே இல்லை, ஈரப் பாறையில் வானத்தின் வெள்ளைப் பிரதிபலிப்பு. அந்த ஈரத்தை எழுதாவிட்டால் சாரல் வெறும் மூட்டமாகிவிடும்.

முகம் தட்டையாக, மெழுகு பூசியதுபோல

ஒளி எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வந்தால் முகத்தில் மேடு பள்ளம் தெரியாது. ‘நல்ல வெளிச்சத்தில் ஒரு பாட்டி’ என்று கேட்டால் இதுதான் வரும். ஒரே ஒரு ஒளிமூலத்தை வைத்து, மற்றதை இருட்ட விடுங்கள்.

வீட்டின் முன்பக்கத் தார்சாவில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒளி வரும் வாய் எது? தெருவைப் பார்த்த கம்பித் தடுப்பு, அதாவது அழிக்கம்பி. அது இடப்பக்கம், முகத்துக்கு நேர் மட்டத்தில், இரண்டு அடி தள்ளி, நான்கு அடி அகலம். முகத்தைவிடப் பெரிய வாய், அதுவும் பக்கத்தில் இருப்பதால் நிழலின் விளிம்பு கரைந்து போகும். அதே முகத்தில் ஓட்டில் பதித்த சின்னக் கண்ணாடி வழியே நேர் வெயில் விழுந்தால் கத்தியால் வெட்டியதுபோல விளிம்பு நிற்கும். சூரியன் எவ்வளவு பெரிதானாலும் நம் கண்ணுக்கு வானில் அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் வெயில் நிழல் இவ்வளவு கூர்மை. ‘மென்மையான ஒளி’, ‘கடுமையான ஒளி’ என்று முடிவை எழுதுவதைவிட வாயின் அளவையும் தூரத்தையும் எழுதுவது நன்றாக வேலை செய்யும்.

‘இடப்பக்கம் நான்கு அடி அகல அழிக்கம்பி வழியே பகல் ஒளி, முகத்துக்கு மிக அருகில், இடக் கன்னம் வெளிச்சம், மூக்கின் நிழல் வலக் கன்னத்தில் கரைகிறது, வலக் காதும் பின்சுவரும் இருட்டு, வலக் கண்ணில் ஒரு புள்ளி மினுக்கம் மட்டும்.’ இரண்டு ஸ்டாப், மூன்று ஸ்டாப் என்று கேமராவின் வெளிச்சக் கணக்கில் எழுதினால் கருவி அதை அளந்து பார்ப்பதில்லை. எந்த உறுப்பு தெரிகிறது, எது மறைகிறது என்று எழுதினால் கேட்கும்.

இடம், வலம் குழம்பும் என்பதும் உண்மை. ‘அவரது இடப்பக்கம்’ என்பதா, ‘படத்தின் இடப்பக்கம்’ என்பதா? எப்போதும் படத்தின் பக்கத்தையே சொல்லுங்கள். அதோடு அந்த ஜன்னலையோ வாசலையோ படத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால் திசை தவறுவது வெகுவாகக் குறையும்.

ஆளின் நிறம் வெளுத்துவிடுகிறது

இதைக் கோளாறு என்றே பலர் எண்ணுவதில்லை. ‘நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். பனையேறும் ஒருவரின் தோலை வெளுப்பாக்கிக் கொடுத்த படம் தவறான படம். திருத்தியே ஆக வேண்டும்.

‘பிரகாசமான முகம்’, ‘பளபளக்கும் சருமம்’, ‘ஒளிரும் முகம்’ ஆகிய மூன்றும் முதல் எதிரிகள். கருவி ஒளியையும் நிறத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. முகம் பிரகாசம் என்றால் தோலையே வெளுத்துவிடும். நிறத்துக்கு ஒரு வாக்கியம், ஒளிக்குத் தனி வாக்கியம் என்று பிரியுங்கள். கருத்த தோலில் வெளிச்சம் தெரிவது பரவலான வெளுப்பாக அன்று, மேட்டில் படும் மினுக்கமாக. ஆகவே: ‘அடர்ந்த பழுப்புத் தோல், நிழலிலும் வெளிச்சத்திலும் அதே நிறம். நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் தோள்பட்டையிலும் மட்டும் வேர்வையின் மினுக்கம். ஒளி பக்கவாட்டில், அகலமான வாயிலிருந்து.’ பின்னணியையும் கவனியுங்கள். வெள்ளைச் சுவர், வெளிறிய வானம் இரண்டும் முழுப் படத்தையும் வெளுப்புப் பக்கம் தள்ளும். பனங்கொல்லையின் பச்சை நிழலோ செம்மண் சுவரோ வைத்தால் தோல் தன் நிறத்தில் நிற்கும்.

ஒரு விளக்குதான் எரிகிறது, வீடு முழுக்கப் பளிச்சென்று இருக்கிறது

இதற்குக் கருவியின் உள்ளேயே ஒரு காரணம் உண்டு. இவ்வகைக் கருவி, படத்தில் இரைச்சலைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக அழித்து, அதை மீட்கக் கற்றுக்கொள்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவியின் பழைய பதிப்புகளைப் பழக்கியபோது, படம் முழுவதும் அழிந்து வெறும் இரைச்சலாகும் கட்டம்வரை போகவில்லை. படத்தின் சராசரி வெளிச்சம் கொஞ்சம் கசிந்து மிச்சமிருந்தது. விளைவு, அவை உருவாக்கும் படங்களும் நடுத்தர வெளிச்சத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. நல்ல கருப்பும் வராது, நல்ல வெள்ளையும் வராது. 2023ல் இது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. புதிய மாடல்களில் குறைந்திருக்கிறது. பழைய மாடலை வைத்துக்கொண்டு இருட்டுக்குப் போராடுபவர்கள் மாடலை மாற்றுவதே நேரமிச்சம்.

மாற்ற முடியாவிட்டால் ஒரு உத்தி. பெயின்ட் செயலியில் கருப்புத் தாள் ஒன்று எடுங்கள். விளக்கு வரவேண்டிய இடத்தில் மங்கிய ஆரஞ்சுத் திட்டு ஒன்றைத் தடவுங்கள். அதை இமேஜ் டு இமேஜில் (ஒரு படத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் வசதி) கொடுத்து, டீநாய்ஸிங் அளவை (கொடுத்த படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற எண்) 0.8ல் தொடங்குங்கள். திட்டு அப்படியே கறையாக நின்றால் 0.85, 0.9 என்று ஏற்றுங்கள். இருட்டு ஓடிப்போனால் 0.75க்கு இறக்குங்கள். என்ன உருவம் என்று கருவி முடிவு செய்யும், எங்கே இருட்டு என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

உரையாடல் கருவிகளில் சொல்லால்தான் செய்ய வேண்டும். குத்துவிளக்குச் சுடரிலிருந்து ஒரு அடியில் இருக்கும் வெளிச்சம் இரண்டு அடியில் கால் பங்கு, மூன்று அடியில் ஒன்பதில் ஒரு பங்கு. வெளிச்சத்தின் அந்தக் குறைவைத்தான் எழுத வேண்டும்: ‘ஒரே ஒளிமூலம் எண்ணெய்ச் சுடர். அருகிலுள்ள கையும் முகமும் மட்டும் தெரிகின்றன. இரண்டு அடிக்கு அப்பால் பட்டாசல் கூடம் இருட்டில் மூழ்குகிறது. படத்தில் முக்கால் பங்கு கருப்பு. பின்சுவரில் ஆளின் பெரிய, நடுங்கும் நிழல்.’ எண்ணெய்ச் சுடரின் நிறம் 1900 கெல்வின் அளவில், குண்டு பல்ப் 2700, வெள்ளை டியூப்லைட் 6500. எண் புரியாத கருவிக்கு ‘சிவப்பு கலந்த ஆரஞ்சு’, ‘மஞ்சள்’, ‘நீலம் கலந்த வெள்ளை’ என்று எழுதுங்கள்.

ஜன்னல் பக்கம் நீல நிலா வெளிச்சம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் வைக்கும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. ‘நிலவொளி வேண்டாம்’ என்று எழுதினால் நிலவைப் பிராம்ப்டுக்குள் அழைத்ததாகிவிடும். ‘ஜன்னல் சாத்தியிருக்கிறது’ என்று எழுதுங்கள். போய்விடும்.

குலசை தசராக் கூட்டம் மாதிரி சீரியல் செட்டும் டியூப்லைட்டும் தீச்சட்டியும் கலந்த இரவுக்கு வேறு வழி: எது முகத்தில் விழுகிறது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதெல்லாம் பின்னணியில் புள்ளிகளாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஆவியும் புகையும் தெரியவில்லை

கருப்பட்டி காய்ச்சும் விடிலி இதற்குச் சரியான பாடம். ஓலைக் கூரை, உள்ளே இருட்டு, அடுப்பில் பதனீர் கொதிக்கிறது. கருவி தரும் படத்தில் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்கும், ஆவி மட்டும் சாம்பல் கறையாக இருக்கும். அல்லது இருக்கவே இருக்காது.

ஆவி கண்ணுக்குத் தெரிய இரண்டு வேண்டும். ஒளி அதன் பின்னாலிருந்து நம்மை நோக்கி வரவேண்டும். ஆவிக்குப் பின்னால் இருட்டான பரப்பு நிற்க வேண்டும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஆவி கரைந்துவிடும். விடிலியில் அந்தப் பின்னொளி எங்கிருந்து வரும்? பின்பக்க வாசலிலிருந்தோ ஓலை இடுக்கிலிருந்தோ. ‘கொதிக்கும் பாத்திரத்துக்குப் பின்னால், படத்தின் வலது மேல் மூலையில் ஓலை இடுக்கு, அதன் வழியே வரும் காலை வெயில் ஆவியைப் பின்னாலிருந்து வெள்ளையாக்குகிறது, ஆவிக்குப் பின்சுவர் புகை படிந்த கருப்பு.’ வாசலையே நேராக ஆவிக்குப் பின்னால் வைத்துவிடாதீர்கள். வெள்ளையின் மேல் வெள்ளை காணாமல் போகும்.

அடுப்பு நெருப்பை முகத்துக்கு ஒரே ஒளியாக வைத்தால் இன்னொரு வம்பு. அடியிலிருந்து வரும் ஒளி மூக்கு நிழலை நெற்றிக்கு ஏற்றி, கிண்டுகிற அம்மாவைப் பேய்முகமாக்கிவிடும். நெருப்பைப் பாத்திரத்தின் அடிக்கும் கைகளுக்கும் கொடுங்கள். முகத்துக்கு ஓலை இடுக்கு வெயில் பக்கவாட்டில் வரட்டும். நெருப்பின் செம்மை தாடையின் கீழே மட்டும் லேசாக.

இதற்கு மறுபக்கக் கோளாறும் உண்டு: கோயில் பிரகாரம் என்றாலே மேலிருந்து பத்துப் பதினைந்து ஒளிக்கற்றை சாய்ந்து விழும். கற்றை தெரியக் காற்றில் புகையோ தூசியோ வேண்டும், ஒளி வரும் துளை சிறிதாக வேண்டும். ‘காற்று தெளிவாக இருக்கிறது’ என்று எழுதினால் கற்றை போய்விடும். வேண்டுமென்றால் ‘ஒரே ஒரு கற்றை’ என்று எண்ணிக்கையோடு, சாம்பிராணிப் புகை எங்கே என்பதோடு கேளுங்கள்.

சிற்பம் தட்டை, பாய் துணிபோல

கிருஷ்ணாபுரம் கோயில் தூண் சிற்பத்தை முன்னாலிருந்து வெளிச்சம் போட்டுப் பார்த்தால் நரம்பும் நகமும் மறைந்துவிடும். கல்லின் மேல் ஒளி உரசிக்கொண்டு போக வேண்டும், பரப்புக்கு 10 அல்லது 15 டிகிரியில். ‘ஒளி தூணின் பரப்பை உரசியபடி இடப்பக்கத்திலிருந்து, ஒவ்வொரு செதுக்கலும் தன் வலப்பக்கம் சிறு நிழல் போடுகிறது’ என்று எழுதுங்கள். பத்தமடைப் பாய்க்கும் இதே விதி. கூடவே கோரையின் மெல்லிய பட்டு மினுக்கம் ஒரு திசையில் ஓடுவதையும் சேர்த்தால்தான் அது பாய். இல்லாவிட்டால் கோடு போட்ட துணி.

அல்வா பிளாஸ்டிக், குத்துவிளக்கு மஞ்சள் பெயின்ட்

அல்வா பாதி ஒளியை உள்ளே விடும் பொருள். முன்னால் அடித்த ஃப்ளாஷில் மேல் நெய் மட்டும் வெள்ளைத் திட்டாக மின்னும், உள்ளே செத்துப்போகும். ஒளியைப் பின்பக்கம், கொஞ்சம் மேலே கொண்டுபோங்கள்: ‘பின்னாலிருந்து வரும் ஒளி அல்வாவின் மெல்லிய ஓரத்தை ஊடுருவிச் செந்தேன் நிறமாக்குகிறது, நடு அடர்ந்த பழுப்பு, மேலே நெய்யில் நீண்ட மெல்லிய ஒற்றை மினுக்கம், வாழையிலையில் செம்மை கலந்த நிழல்.’ மினுக்கத்துக்கு வடிவம் கொடுப்பதை மறக்க வேண்டாம். ‘பளபளப்பு’ என்று மட்டும் எழுதினால் கருவி எங்கே பார்த்தாலும் வெள்ளைப் புள்ளி தெளித்துவிடும்.

பித்தளை ஒரு கண்ணாடி. அதில் எது பிரதிபலிக்கிறதோ அதுதான் அதன் தோற்றம். ‘ஒரு பக்கம் ஜன்னலின் நீண்ட வெள்ளைப் பட்டை, மறுபக்கம் இருட்டறையின் கருப்புப் பட்டை, நடுவில் பொன்’ என்று எழுதினால் உலோகமாக நிற்கும். அந்தக் கருப்புப் பட்டை இல்லாததால்தான் பெயின்ட் ஆகிறது.

நிழல் இரண்டு திசையில் ஓடுகிறது, ஒட்டவைத்த ஆள்போலத் தெரிகிறது

பிராம்ப்டில் இரண்டு ஒளி சண்டை போடுகிறது என்று அர்த்தம். ‘பின்னால் சூரியன்’ என்று எழுதி, ‘முகம் தெளிவாக’ என்றும் எழுதியிருப்பீர்கள். கருவி முன்னால் ஒரு மறைமுக விளக்கை வைத்துவிடும். முகம் தெரிய வேண்டுமானால் எதில் பட்டுத் திரும்பிய ஒளி என்று சொல்லிவிடுங்கள். தேரிக்காட்டில் அது செம்மணல்: ‘சூரியன் பின்னால், செம்மணலில் பட்டுத் திரும்பும் சிவந்த ஒளி தாடையையும் வேட்டியின் கீழ் மடிப்பையும் தொடுகிறது, முகம் நிழலில் ஆனால் தெரிகிறது.’ தரையின் நிறத்தை ஆளின் மேல் ஏற்றும் இந்த ஒரு வரி, ஆளை இடத்தோடு ஒட்டவைக்கும். ஆற்றங்கரையென்றால் தண்ணீரின் நெளியும் ஒளி, சிமென்ட் முற்றமென்றால் வெளிறிய சாம்பல்.

உண்மையான போட்டோவிலிருந்து ஆளை வெட்டி ஏஐ பின்னணியில் வைப்பதானால், முதலில் ஆளின் மூக்கு நிழலைப் பாருங்கள். அது விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஒளி. பின்னணியை அதற்கேற்ப உருவாக்குங்கள். பின்னணியை முதலில் செய்துவிட்டு ஆளின் ஒளியைத் திருப்புவது கடினம். ஐசி லைட் போன்ற ஒளிமாற்றும் கருவிகள் அதைச் செய்யும், ஆனால் முகச்சாயல் மாறிவிட்டதா என்று மூலப் படத்தோடு வைத்துப் பார்த்த பிறகே வாடிக்கையாளருக்குக் கொடுங்கள்.

என்ன எழுதினாலும் கேட்கவில்லை

இடத்தைப் பாருங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பழைய பதிப்புகள் ஒரு மூச்சில் 75 டோக்கன், அதாவது சொல் துண்டுகள், மட்டும்தான் படிக்கும். நகை, புடவை, கோபுரம் எல்லாம் எழுதி முடித்துக் கடைசியில் ஒளியை வைத்தால் அது வெளியே தொங்கும். ஆளைச் சொன்ன உடனே ஒளியைச் சொல்லுங்கள், அலங்காரம் பிறகு வரட்டும். அந்தக் கருவிகளில் தமிழில் எழுதினால் ஒரு எழுத்தே பல துண்டாகச் சிதறி, இடமும் தீர்ந்து பொருளும் போய்விடும்; அங்கே இதே வரிசையை ஆங்கிலமாக்கிக் கொடுக்க வேண்டும். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றில் தமிழிலேயே எழுதலாம்.

பிறகு அளவுகள். மிட்ஜர்னி என்ற படக் கருவியில் ஸ்டைலைஸ் எண் இயல்பாக 100ல் இருக்கும். அது ஏற ஏறக் கருவி தன் ரசனையைச் சேர்க்கும். 50 அல்லது அதற்குக் கீழே இறக்கி, ஸ்டைல் ரா (கருவியின் சொந்த அலங்காரத்தைக் குறைக்கும் அமைப்பு) போட்டுப் பாருங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் ஒளித் துண்டை அடைப்புக்குறிக்குள் வைத்து 1.2, 1.3 என்று எடை ஏற்றலாம், 1.5க்கு மேல் போனால் நிறம் வெந்துபோகும். சாட்ஜிபிடி வகைக் கருவிகள் உங்கள் வரியைத் தாங்களே திருத்தி எழுதிக்கொள்ளவும் கூடும். ‘ஒளி பற்றிய வரிகளை மாற்றாமல் அப்படியே பயன்படுத்து’ என்று முதல் வரியில் போடுங்கள். அப்படியும் பொன்னிறம் திரும்பி வந்தால் அந்த உரையாடலையே மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய படங்களும் பழைய சொற்களும் அதற்குள் கிடந்து இழுத்துக்கொண்டே இருக்கும்.